சார் காரில் சிமிட்டிய விளக்கு

உண்மை பேசுகிறவனின் உடைமைக்கு ஊரே காவல். பள்ளி ஆண்டு விழா, ஓய்வூதியர் கூட்டம், யோகா முகாம் நிறைவு நாள் என்று திண்டிவனம் வட்டாரத்தில் எங்கே மைக் கிடைத்தாலும், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ரிஷபநாதன் இந்த வாக்கியத்தைச் சொல்லாமல் மேடையை விட்டு இறங்கியதில்லை. ஊரின் மேல் அவருக்கு அத்தனை நம்பிக்கை. கார் வாங்கிய பிறகு மட்டும், ஊர் சில சமயம் அசந்து தூங்கிவிடலாம் என்று தோன்றி, டேஷ்போர்டில் ஒரு போலி அலாரம் விளக்கு வைத்துக்கொண்டார்.

விளக்கு என்னவோ அசல்தான். துவரம்பருப்பு அளவில், தானாகவே சிமிட்டுகிற ஒரு சிவப்பு எல்.இ.டி. இந்த வண்டியில் திருட்டு அலாரம் இருக்கிறது, கதவைத் தொட்டால் தெருவே எழுந்து வரும் என்று அது கண்ணாடி வழியாகச் சிமிட்டிச் சிமிட்டிச் சொல்லும். தொட்டால் ஒன்றும் ஆகாது. உதைத்தாலும் ஒன்றும் ஆகாது.

அசல் அலாரமே வைத்திருக்கலாம். அதற்கு நான்கு கதவுகளையும் பிரிக்க வேண்டும் என்று விழுப்புரத்துக் கடைக்காரர் சொன்னதும், சீட்டின் பிளாஸ்டிக் உறையைக்கூட இன்னும் பிரிக்காத ரிஷபநாதனுக்கு மனம் ஒப்பவில்லை. அவர் இயற்பியல் ஆசிரியராக இருந்தவர். விளக்கு வைக்க ஆள் தேவையில்லை. அவர் வாங்கியது அந்தக் காரிலேயே விலை குறைந்த மாடல் என்பதால், மேல் மாடல்களில் பொத்தான்கள் இருக்கும் இடத்தில் வெறும் மூடிகள் இருந்தன. ஏறி உட்காரும்போதெல்லாம் ‘இது உனக்கு இல்லை’ என்று சொல்கிற மூடிகள். அதில் ஒன்றைக் கழற்றி, பழுக்கக் காய்ச்சிய ஊசியால் துளை போட்டு, எல்.இ.டி.யைச் செருகி, ஒரு ரெசிஸ்டரைப் பற்றவைத்து, ஃபியூஸ் பெட்டியில் எப்போதும் கரண்ட் இருக்கிற ஒயரோடு சேர்த்து டேப் சுற்றினார். சுவிட்ச் வைக்க மறந்துவிட்டார். அதனால் கார் நின்றாலும் விளக்கு சிமிட்டியது, ஓடினாலும் சிமிட்டியது. உரிமையாளரே உட்கார்ந்து ஓட்டும்போதும் அவரைத் திருடனாகவே பாவித்துச் சிமிட்டியது.

ரிஷபநாதன் செஞ்சிப் பக்கத்து நயினார் குடும்பம், தமிழ்ச் சமணர். இருட்டினால் சாப்பிடுவதில்லை. வெங்காயமும் உருளைக்கிழங்கும் அந்த வீட்டு அடுப்பில் ஏறியதில்லை. வேலையில் இருந்த காலத்தில், ஊர் ஜினாலயத்துக்கு வந்திருந்த முனிவர் ஒருவர் முன்னிலையில் அவர் பொய் சொல்வதில்லை என்று விரதம் எடுத்தார். அதே நாளில் அதே விரதத்தை மனைவி ஞானமதியும் எடுத்தார். ஞானமதி அதைக் கடைப்பிடித்ததோடு சரி. ரிஷபநாதன் அதைப் பற்றிப் பேசவும் செய்தார்.

விரதம் கெடாமல் இருக்க அவரிடம் ஒரு முறை இருந்தது. பொய் வாயிலிருந்து வரக் கூடாது. மற்றபடி எங்கிருந்து வந்தாலும் அவர் பொறுப்பில்லை. பேசப் பிடிக்காத ஆளிடமிருந்து வீட்டுப் போனுக்கு அழைப்பு வந்தால், செருப்பை மாட்டிக்கொண்டு கேட்டுக்கு வெளியே போய் நிற்பார்.

“மதி, நான் வெளிய நின்னுக்கினு இருக்கேன். வெளிய போயிருக்காருன்னு சொல்லு.”

“வெளிய நிக்கிறாருன்னே சொல்லிடறேன்,” என்பார் ஞானமதி. அப்படியே சொல்லியும் விடுவார்.

விளக்கை வைத்து முடித்த அன்று, கையைத் துடைத்துக்கொண்டு மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினார்.

“இது யார ஏமாத்தறதுக்கு?”

“யாரையும் ஏமாத்தல. வெளக்கு எரியுது, அவ்ளோதான்.”

“எதுக்கு எரியுது?”

“கரண்ட்டு போவுது, எரியுது.”

“யாராவது வந்து அலாரமான்னு கேட்டா இன்னா சொல்லுவீங்க?”

“பாத்தா எப்புடி இருக்குதுன்னு கேப்பேன்.”

ஞானமதி அந்தச் சிவப்புப் புள்ளியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். “உங்க வாய சுத்தமா கழுவி வெச்சிட்டு, இத உட்டு பேச சொல்றீங்க,” என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனார்.

ஒரே வாரத்தில் கேள்வி வந்தது. எதிர்வீட்டு அமீர் பாட்சா, துணிக்கடை வைத்திருப்பவர், கண்ணாடியில் மூக்கை ஒட்டி உள்ளே பார்த்தார்.

“இன்னா சார், அலாரமா?”

“ஏன் பாய், பாத்தா எப்புடி இருக்குது?”

“அலாரம் மாரிதான் இருக்குது.”

“அப்புறம் இன்னா கேள்வி?”

பாய் கடையில் சொன்னார். கடைக்கு வந்தவர்கள் தங்கள் தெருக்களில் சொன்னார்கள். அலாரம் என்று கிளம்பியது, போனுக்குச் செய்தி அனுப்பும் அலாரம் ஆயிற்று. பிறகு கிட்டே வருகிறவனைப் படம் பிடித்து அனுப்பும் என்றார்கள். வெளிநாட்டு மருமகன் கொடுத்தனுப்பியது என்றும் ஒருவர் சொன்னார். ரிஷபநாதனுக்கு மருமகனே கிடையாது. இதில் எதையும் அவர் சொல்லவில்லை. எதையும் மறுக்கவும் இல்லை. மறுக்க வேண்டும் என்று விரதத்தில் இல்லை.

இத்தனைக்கும் விளக்கை ஊர் நம்பியது விளக்குக்காக அல்ல. சார் வண்டியில் இருக்கிறது என்றால் பொய்யாக இருக்காது என்பதற்காக.

அதிகமாக நம்பியவன் அவர் வீட்டு மாடியில் வாடகைக்குக் குடியிருந்த புகழேந்தி. ஒரு வெள்ளைக் கார் வைத்து வாடகைக்கு ஓட்டுகிறவன். மனைவி வேணியின் கழுத்திலும் கையிலும் இருந்தது எல்லாம் சேர்ந்துதான் அந்த நான்கு சக்கரமாக நின்றது. அது ஓடினால் மாடியில் அடுப்பு எரியும். ஒரு நாள் காலையில், பேப்பர் படித்துக்கொண்டிருந்த ரிஷபநாதனின் முன் வந்து நின்றான்.

“சார், வண்டிக்கு ஜி.பி.எஸ். ஒண்ணு மாட்டலாம்னு இருக்கேன். உங்க சிஸ்டம் பக்கத்துல நிக்கிற வண்டியையும் சேத்து புடிக்குமா சார்?”

ரிஷபநாதன் பேப்பரை இறக்கவில்லை. “ரெண்டு வண்டியும் ஒரே எடத்துல தானப்பா நிக்குது?”

“அப்ப நான் தனியா மாட்டத் தேவல.”

“உன் வண்டி, உன் இஷ்டம்.”

அவன் படியேறிப் போனதும் ஞானமதி உள்ளிருந்து வந்தார். “அந்தப் புள்ள நெசம்னு நெனச்சிக்கினு போவுது. கூப்ட்டு சொல்லுங்க.”

“நான் ஒண்ணும் பொய் சொல்லலியே.”

“ஒண்ணுமே சொல்லல. அதத்தான் நானும் சொல்றேன்.”

“நேரம் பாத்து சொல்லணும் மதி.”

நேரம் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். ஞாயிற்றுக்கிழமை சொல்லலாம் என்று கீழே போனால், தன் காரைக் கழுவிய புகழேந்தி அதே வாளித் தண்ணீரில் சார் காரையும் கழுவிக்கொண்டிருந்தான். நம் காரைக் கழுவிக்கொண்டிருக்கிறவனிடம் அதையெல்லாம் எப்படிச் சொல்வது. “முன் கண்ணாடிய நல்லா தொடப்பா” என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தார்.

இப்படி இருக்கையில்தான் விழுப்புரத்தில் ஒரு தனியார் பாலிடெக்னிக்கில் ‘வளரும் தலைமுறையும் வாய்மையும்’ என்ற தலைப்பில் பேச அழைத்தார்கள். அன்று புகழேந்தியும் ஒரு குடும்பத்தை விழுப்புரம் ஜங்ஷனில் ரயிலுக்கு இறக்கிவிட்டான். அடுத்த சவாரி மாலையில்தான். “சும்மா ஸ்டேஷன்ல நின்னுக்கினு இருப்பியே, வந்து பேச்ச கேளு, சாப்பாடும் போடறாங்க” என்று ரிஷபநாதனே போனில் கூப்பிட்டார். அரங்கத்தில் தன்னைத் தெரிந்த முகம் ஒன்று இருந்தால் பேச்சு நன்றாக வரும் என்பது அவர் அனுபவம்.

உள்ளே கல்லூரிப் பேருந்துகள் நின்றதால் காரை வெளியே காலி மைதானத்தில் விடச் சொன்னார்கள். புகழேந்தி அங்கே இருந்த நிழலையெல்லாம் விட்டுவிட்டு, சார் காரை ஒட்டி, வெயிலில், பக்கக் கண்ணாடியை மடக்கி நிறுத்தினான்.

“அங்க மரத்தடி காலியா இருக்குதேப்பா.”

“வேணாம் சார். இங்க உங்க வெளக்கு பக்கத்துலயே இருக்கட்டும்.”

ரிஷபநாதன் ஏதோ சொல்ல வாய் திறந்தார். அதற்குள் வரவேற்புக் குழு மாலையோடு வந்துவிட்டது.

பேச்சு நன்றாகவே வந்தது. உண்மை பேசுகிறவனின் உடைமைக்கு ஊரே காவல் என்ற இடத்தில் பின்வரிசை மாணவர்கள்கூடப் போனிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்தார்கள். கைதட்டலைத் தொடங்கி வைத்தவன் புகழேந்தி. முதல்வர் சால்வை போர்த்தி, ‘வாய்மைச் செம்மல்’ என்று பொறித்த கேடயம் ஒன்றைக் கொடுத்தார். சாம்பாரில் வெங்காயம் மிதந்ததால் ரிஷபநாதன் தயிரும் வாழைப்பழமும் சாப்பிட்டார்.

வெளியே வந்தபோது சார் கார் நின்றிருந்தது. விளக்கு சிமிட்டிக்கொண்டிருந்தது. பக்கத்தில் ஒரு கார் அளவுக்கு இடம் காலியாக இருந்தது.

திருடனுக்கு எந்தக் குழப்பமும் இருந்திருக்காது. ஒன்றில் விளக்கு எரிந்தது, ஒன்றில் எரியவில்லை. போலி விளக்கு எதற்காக வைக்கப்பட்டதோ அதைக் குறைவின்றிச் செய்திருந்தது.

கூட வந்த பேராசிரியர்கள் ஐயோ என்றார்கள், காவலாளியைத் திட்டினார்கள். அந்தக் கூட்டத்திலேயே பதறாமல் நின்றவன் புகழேந்தி ஒருவன்தான். அவன் முகத்தில் சின்னதாக ஒரு சிரிப்புகூட இருந்தது.

“மாட்டிக்கினான் சார். போன எடுங்க.”

ரிஷபநாதன் போனை எடுத்தார். ஞானமதியின் இரண்டு தவறிய அழைப்புகள் இருந்தன. வேறு ஒன்றும் இல்லை.

“மூஞ்சி தெரியுதா சார்?”

“சிக்னல் எவ்ளோ கம்மியா இருக்குது பாரு,” என்றார் ரிஷபநாதன். அது உண்மை. ஒரே ஒரு கோடுதான் இருந்தது.

“இப்டி வாங்க சார், இங்க கெடைக்கும்.” புகழேந்தி அவர் கையைப் பிடித்து மைதானத்தின் நடுவுக்குக் கூட்டிப் போனான். அங்கிருந்து தண்ணீர்த் தொட்டிப் பக்கம். அங்கிருந்து சாலை ஓரம். சால்வையும் கேடயமுமாக ரிஷபநாதன் போனைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு வெயிலில் நடந்தார். சாலை ஓரத்தில் நான்கு கோடும் வந்துவிட்டது. இனிச் சொல்ல உண்மை எதுவும் மிச்சமில்லை.

“போலீஸுக்குப் போயிடலாம் புகழேந்தி,” என்றார்.

“அதான் சார் சரி. படத்த அவங்ககிட்டயே நேரா காட்டிடுங்க.”

ஸ்டேஷனில் எஸ்.ஐ. தையல்நாயகி இருந்தார். முப்பத்தைந்து வயதுக்குள் இருக்கும். புகழேந்தி சொன்னதைக் கேட்டதும் முதல் வேலையாக வயர்லெஸில் தகவல் சொன்னார். பிறகு பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்தார். “டோல்கேட் பக்கம் வந்தா புடிச்சிடலாம். காணை ரோட்ட புடிச்சி உள்ள போயிருந்தா கஷ்டம். வெள்ள காருன்னா பத்துல எட்டு வெள்ள காருதான். எவன் எடுத்தான், எந்தப் பக்கம் திரும்பினான்னு தெரியணும். சார், அந்த ரெக்கார்டிங்க காட்டுங்க.”

“ரெக்கார்டிங் இல்லம்மா.”

“அழிஞ்சிடுச்சா?”

“இல்ல. கெடையவே கெடையாது. அது வெறும் வெளக்கு.”

ஒரு கேள்விக்கு நேராக ஒரு பதிலை ரிஷபநாதன் சொல்லி வெகு காலம் ஆகியிருந்தது. சொன்னதும் நெஞ்சு லேசானது. தையல்நாயகி மேசை மேல் இருந்த கேடயத்தைத் தன் பக்கம் திருப்பிப் படித்தார்.

“வெறும் வெளக்கு.”

“ஆமாம்மா.”

“எதுக்கு வெச்சீங்க?”

“எதுக்கு வெப்பாங்க?” என்று பழக்கத்தில் வந்துவிட்டது.

“நான் கேள்வி கேட்டா நீங்களும் கேள்வியே கேக்கறீங்களே சார். இது வக்கீலுங்க பண்ற வேல.”

“திருடன் பாத்து பயப்படட்டும்னு வெச்சேன்மா. தொட்டா கத்தாது. போனுக்கு எதுவும் வராது. நானே ஒயர் இழுத்து மாட்டினேன்.”

“ஏம்பா,” என்று புகழேந்தியிடம் திரும்பினார், “இவரு பொய் சொல்ற ஆளா?”

“செத்தாலும் சொல்ல மாட்டாரும்மா. சாமியாரு முன்னால விரதம் எடுத்தவரு. ஊர்ல யார வேணா கேளுங்க.”

“அப்ப வெறும் வெளக்குன்னு சொல்றது உண்மையா?”

புகழேந்தி விழித்தான். “அது எப்புடிம்மா. ஊருக்கே தெரியும், படம் புடிக்கும்னு.”

“படம் புடிக்கும்னு இவரு உங்கிட்ட சொன்னாரா?”

“சொன்னாரும்மா. நான் நேரா கேட்டேன். பக்கத்து வண்டியையும் சேத்து புடிக்குமான்னு. அதுக்கு சாரு...” புகழேந்தி நினைவுபடுத்திப் பார்த்தான். “ரெண்டும் ஒரே எடத்துல தான நிக்குதுன்னாரு.”

“புடிக்கும்னு சொன்னாரா?”

“தனியா மாட்டத் தேவலன்னு... அது நான் சொன்னது. சாரு, உன் வண்டி உன் இஷ்டம்னாரு.”

அவன் நிறுத்தினான். ரிஷபநாதனைப் பார்த்தான். ரிஷபநாதன் சால்வையின் ஜரிகையைப் பார்த்தார்.

விளக்கு வெறும் விளக்கு என்றால் கார் போனது போனதுதான். வேணியிடம் போய் அதைச் சொல்ல வேண்டும். புகழேந்தி தலையை உலுக்கிக்கொண்டான்.

“இல்லம்மா. என் பொழப்புல அப்டி வெளயாடற மனுஷன் இல்ல அவரு. சார், யாருக்கும் பயப்படாதீங்க. எவன் மூஞ்சி இருந்தாலும் பரவால்ல, காட்டுங்க.”

“புகழேந்தி, நெசமாவே இல்லப்பா.”

“சார், உங்க கால்ல வேணா உழறேன்.”

தையல்நாயகி ஏட்டு பூமாலையைக் கூப்பிட்டார். “பெரிய மனுஷங்க எல்லாம் இப்டித்தான் ஏட்டய்யா. படத்துல தெரிஞ்ச மூஞ்சி இருந்திருக்கும். இல்ல, சாட்சி சொல்ல கோர்ட்டுக்கு அலையணுமேன்னு பேஜாரு. வண்டிய பிரிச்சி அந்தப் பொட்டிய வெளிய எடுங்க.”

காரின் கதவைப் பிரிக்க மனம் வராதவர், ஸ்டேஷன் வாசலில் நின்று டேஷ்போர்டு பிரிவதைப் பார்த்தார். பூமாலைக்கு ஸ்க்ரூ டிரைவரைவிடக் கையில் நம்பிக்கை அதிகம். மூடியைப் பிடித்து இழுத்ததும் எல்.இ.டி.யும் இரண்டு ஒயரும் டேப்பும் வெளியே வந்து தொங்கின. விளக்கு தொங்கிக்கொண்டே சிமிட்டியது.

“பாருங்கம்மா,” என்றார் ரிஷபநாதன், கிட்டத்தட்ட மகிழ்ச்சியோடு. “இவ்ளோதான்.”

“இது வெளக்கு,” என்றார் தையல்நாயகி. “மெயின் பொட்டி எங்க?”

“பொட்டி இல்லம்மா.”

“பொட்டி இல்லாம வெளக்கு மட்டும் எவனாவது வெப்பானா சார்?”

பூமாலை ஃபியூஸ் பெட்டிக்குள் கைவிட்டார். வைப்பர் ஓடத் தொடங்கியது. நிறுத்தத் தெரியவில்லை. சீட்டைத் தூக்கிப் பார்த்தார்கள். பிளாஸ்டிக் உறை கிழிந்தது. பானெட்டைத் திறந்து பார்த்தார்கள். டிக்கியில் ஸ்டெப்னிக்கு அடியில் துழாவியபோது, பழைய மேடைப் பேச்சுக் குறிப்புகள் ஒரு கட்டு கிடைத்தது. பூமாலை அதைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் தரையில் வைத்தார். எது கிடைக்காமல் போனாலும் அது ரிஷபநாதன் நன்றாக ஒளித்துவைத்திருக்கிறார் என்பதற்கே சான்றாகிக்கொண்டிருந்தது. புகழேந்தி குனிந்து வண்டிக்கு அடியில் டார்ச் அடித்துத் தேடினான். “இங்க இன்னாவோ கறுப்பா இருக்குது சார்,” என்றான் ஆசையோடு. அது சைலன்ஸர்.

வெயில் சாயத் தொடங்கியது. பூமாலை ஒரு தட்டில் பஜ்ஜி கொண்டுவந்து நீட்டினார். “வெங்காய பஜ்ஜி. சூடா இருக்குது, சாப்புடுங்க சார்.” ரிஷபநாதன் வேண்டாம் என்றார். “பாருங்கம்மா, சாப்பாடு கூட எறங்கல,” என்று பூமாலை எஸ்.ஐ.யிடம் தாழ்ந்த குரலில் சொன்னார். அதுவும் கணக்கில் சேர்ந்தது.

டோல்கேட்டிலிருந்து தகவல் வந்தது. அந்த எண்ணில் எந்த வண்டியும் கடக்கவில்லை. தையல்நாயகி நாற்காலியை இழுத்துப் போட்டு ரிஷபநாதன் எதிரில் உட்கார்ந்தார். இப்போது குரல் தணிந்திருந்தது.

“சார், நானும் டீச்சரு பொண்ணுதான். சொல்றத கேளுங்க. உங்க வாக்குமூலம் ஒண்ணு வெக்காம இந்த ஃபைல மேல அனுப்ப முடியாது. வெறும் வெளக்குன்னு எழுதி வாங்கினா, இன்ஸ்பெக்டரு என்னத்தான் கேப்பாரு. ஒரு ஹெட்மாஸ்டரு பொய் வெளக்கு வெச்ச கார்ல உண்மைய பத்தி பேச வந்தாருன்னு எழுதியிருக்கியே, உனக்கு புத்தி இருக்குதான்னு. மறுபடியும் உங்களத்தான் கூப்ட்டு விசாரிப்பாங்க. இந்த வண்டியும் இங்கயே நிக்கும். அதுக்குள்ள இவரு வண்டி ஆந்திரா தாண்டிடும்.”

“நான் இன்னாம்மா பண்ணணும்?”

“தெரியாம கை பட்டு பதிவு அழிஞ்சிடுச்சின்னு ஒரு வரி எழுதிக் குடுங்க. உட்டுட்டு நாங்க தேடற வேலய பாக்கறோம்.”

“அது பொய்யாச்சேம்மா.”

“அப்ப உண்மைய எழுதுங்க.”

“அதத்தான் சொன்னேனே.”

“சார்,” என்றார் தையல்நாயகி. ஒரு வெள்ளைத் தாளை அவர் பக்கம் நகர்த்தினார்.

ரிஷபநாதன் புகழேந்தியைப் பார்த்தார். விரதத்தைப் பற்றி அவன் ஏதாவது சொல்வான் என்று எதிர்பார்த்தாரோ என்னவோ. புகழேந்தியின் சட்டை முழுக்க கார் அடி மண். கண் சிவந்திருந்தது.

“எழுதிக் குடுத்துடுங்க சார்,” என்றான். “ஜல்தியா அவங்க தேடட்டும்.” சட்டைப் பையிலிருந்து தன் பேனாவை எடுத்து, மூடியைக் கழற்றி நீட்டினான்.

கரும்பலகையில் எழுதிப் பழகிய கை. வரி கோணாமல், புள்ளி விடாமல் எழுதினார். ‘என் காரில் பொருத்தப்பட்டுள்ள பாதுகாப்புக் கருவியில் பதிவான காட்சியை நான் அறியாமல் அழித்துவிட்டேன்.’ கீழே கையெழுத்து. தையல்நாயகி ஒரு முறை படித்தார். இரண்டாம் முறை படிக்கவில்லை.

“இத மத்தியானமே சொல்லியிருந்தா இந்தப் பாடு உண்டா சார்?” என்றார். மதியத்திலிருந்து அவர் முகத்தில் இருந்த சந்தேகம் போய்விட்டிருந்தது. பூமாலைகூட வந்து, “பட்டன் போனுன்னா இந்தப் பிரச்சினயே இல்ல சார்,” என்று ஆறுதல் சொன்னார்.

விளக்கை மட்டும் ஃபைலோடு வைத்துக்கொண்டு, டேஷ்போர்டை ஓரளவு அழுத்தி மூடினார்கள். வைப்பரை நிறுத்த முடியவில்லை. மழையே இல்லாத சாலையில் வைப்பர் இரண்டு பக்கமும் அடித்துக்கொண்டிருக்க, கார் திண்டிவனம் நோக்கிப் போனது. பக்கத்தில் போன லாரிக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். விக்கிரவாண்டியும் தாண்டியது.

“நீங்க மனசுல வெச்சிக்காதீங்க சார்,” என்றான் புகழேந்தி. “கை பட்டுதான அழிஞ்சிது. வேணும்னேவா பண்ணீங்க?”

ரிஷபநாதன் வாயைத் திறந்தார். “புகழேந்தி...”

“சொல்லுங்க சார்.”

வைப்பர் நான்கைந்து முறை அடித்தது. “காத்தால முதல் வேலயா ஸ்டேஷனுக்கு ஒரு போன் போட்டு கேளு,” என்றார்.

வீட்டு வாசலில் வேணி நின்றுகொண்டிருந்தாள். ஒரு கார் மட்டும் வருவதைப் பார்த்தாள். புகழேந்தி இறங்கி அவளிடம் பேசிக்கொண்டே மாடிக்குப் போனான். படியில் அவன் குரல் கேட்டது. “பதிவாயிருந்துது வேணி. சாரு கை பட்டு அழிஞ்சிடுச்சி. போலீஸே எழுதி வாங்கிக்கினாங்க.”

ஞானமதி கேட்டுக்கொண்டிருந்தார். கணவரைப் பார்த்தார். விளக்கே இல்லாத மூடியின் ஓட்டையையும், ஓடிக்கொண்டிருந்த வைப்பரையும் பார்த்தார்.

“எழுதிக் குடுத்தீங்களா?”

ரிஷபநாதன் செருப்பைக் கழற்றினார். “குடுத்தேன்.”

ஞானமதி உள்ளே போனார். இருட்டிவிட்டிருந்ததால் சாப்பிடக் கூப்பிடவில்லை. பேட்டரி தீர்ந்து எப்போதோ வைப்பர் தானாக நின்றது.

மறுநாள் விடிந்ததும் புகழேந்தி முதல் பேருந்தில் விழுப்புரம் போனான். அன்று கார் கிடைக்கவில்லை. அதற்குப் பிறகும் கிடைக்கவில்லை.

அன்று காலை ஞானமதி கணவரின் சட்டையைத் துவைக்கப் போடும்போது பையைத் துழாவினார். ஒரு பேனா இருந்தது. அதில் ‘புகழ் டிராவல்ஸ், ஏ.சி. கார் வாடகைக்கு’ என்று அச்சடித்திருந்தது.